விளக்கை உறிஞ்சி அணைக்க முடியாது

"மூக்கைச் சிந்துனா என்ன கலர்ல வருது சார்?"

காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்துவிட்டது. "போன வாரம் மஞ்சளுங்க டாக்டர். அதுக்கு முன்னாடி காப்பித்தூள் கலரு. கர்ச்சீப்பைத் துவைக்கறது நானுங்க, எனக்குத் தெரியாதா?"

மஞ்சள் என்றதும் சளிக்கு மருந்தெழுதப் பேனாவை எடுத்துவிட்டார். "அது வேங்கைங்க டாக்டர்," என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் வேறொரு துறை மருத்துவரின் பெயரை யோசிப்பது தெரிந்தது. விளக்கிச் சொன்னேன். ஊரில் ஆத்தா வீட்டை இடித்தபோது வந்த வேங்கை நிலைக்கால்கள் இரண்டை அறுத்து மேஜை செய்துகொண்டிருந்தேன். வேங்கைத் தூளில் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும். மூக்குக்குள் ஈரத்துக்கா பஞ்சம்?

"என்ன வேலை பாத்தீங்க?"

"பேங்க்ல கிளார்க்குங்க. 2018-ல ரிடையர் ஆனேன்."

"முப்பத்தஞ்சு வருசம் ஃபைல் தூசிக்குத் தப்பிச்சுட்டு இப்ப வந்து மாட்டியிருக்கீங்க."

குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே சவ்வு வீங்கியிருக்கிறது, ஒவ்வாமைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன அதே மூச்சில் இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊரின் கதையையும் சொன்னார். நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர் அது. 1960-களில் எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற பெண் மருத்துவர், தன்னிடம் வரும் அரிய வகை மூக்குப் புற்று நோயாளிகளில் மரவேலைக்காரர்கள் ஏன் இத்தனை பேர் என்று கவனித்தார். ஆக்ஸ்ஃபர்டு மருத்துவர்களோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1968-ல் வெளிவந்தது. 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இருக்கிற அதே பிரிவு. அந்தப் பிரிவு சொல்வது எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதைத்தானே தவிர எவ்வளவு கொடியது என்பதை இல்லை, அந்தப் புற்றும் மிக அரிது, அதுவும் பல வருடம் தூளிலேயே கிடந்தவர்களுக்கு என்று ஆறுதலும் சொன்னார். என் மனைவிக்கு 'புகையிலை' மட்டும்தான் காதில் விழுந்தது.

"மரவேலையை விடச் சொல்ல மாட்டேன் சார். தூளை மட்டும் விட்டுடுங்க," என்று மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயை எழுதிக் கொடுத்தார்.

சொல்வதற்கு எளிது. எனக்கு அதற்கு மூன்று வருடம் ஆயிற்று.

என் பட்டறை வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய ஷெட். கார் வாங்கவில்லை. 14 அடிக்கு 10 அடி, 9 அடி உயரம், மேலே தகரம். ஓய்வு பெற்ற பணத்தில் சர்க்குலர் ரம்பம் ஒன்றை வாங்கி, பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டி 'டேபிள் ரம்பம்' ஆக்கினேன். ஒரு எலக்ட்ரிக் இழைப்புளி, உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கும் ஒரு ஆர்பிட்டல் சாண்டர். அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால் பொள்ளாச்சிப் பக்கத்து ஊரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ஆசாரி வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் அவர் திண்ணையில்தான் கிடப்பேன். இழைப்புளி போகும்போது 'சர்ர்'ரென்று ஒரு சத்தம், அதன் வாயிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் எழுந்து அவர் முழங்கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொள்ளும். தேக்கு என்றால் அதில் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு தோல் வாசனையும் இருக்கும். நல்ல சுருளாகப் பார்த்து எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு ஆடுவோம். உப்புத்தாளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அது இழைக்கத் தெரியாதவன் தேய்க்கற காயிதம் கண்ணு," என்பார். இழைப்புளியால் முடித்த பலகையில் கையை வைத்துப் பார்க்கச் சொல்வார். வாழை இலைத் தண்டு போல இருக்கும்.

எங்கள் வீட்டில் அப்போது மரத்தூள் அடுப்பு. பொள்ளாச்சி மரவாடியிலிருந்து சாக்கில் தூள் வரும். தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, கீழ் ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் சொருகி, சுற்றிலும் தூளைக் கொட்டி அம்மா இடி இடியென்று இடிப்பார். பிறகு பாட்டிலைத் திருகித் திருகி வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் சரிந்துவிடும். பாட்டிலை எடுக்கும் வேலை என்னுடையது. அப்போது முகத்தில் அடித்த தூளை நான் தூசியாகவே நினைத்ததில்லை. அது விறகு.

ஆசாரி வீட்டுத் திண்ணையைப் பெருக்கினால் சீவலும் கொஞ்சம் ரம்பத்தூளும் வரும், முறத்தில் அள்ளினால் தீர்ந்தது. அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. மரத்தைக் குழிமேல் கிடத்தி இருவர் ரம்பம் இழுப்பார்கள். மேலே நிற்பவருக்குக் கோடு தெரியும், கீழே நிற்பவருக்குக் கண்ணும் தெரியாது. ஈட்டி மரம் அறுக்கும் நாளில் ஊரே தும்மும். தேக்கு அறுத்தவர்கள் முழங்கையைச் சொறிந்துகொண்டே சோறு தின்பார்கள். போதாக்குறைக்கு ஆசாரி மூக்குப்பொடி வேறு போடுவார். ஆனால் கையால் சீவும் மரம் பெரும்பாலும் சீவலாகத்தான் விழும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுற்றும் சாண்டர் அதே மரத்தை மாவாக, மாவிலும் மாவாக அரைத்து எறிகிறது. ஆசாரியின் மரத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன், அவருடைய கையை எடுத்துக்கொள்ளவில்லை.

மருத்துவரிடம் போய்வந்த வாரமே 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைச் சுவரில் பொருத்தினேன். என் பக்கம் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில்தான் தெரிந்தது. அவர்கள் காயவைத்திருந்த அரிசி வடகத்தில் ஒருநாள் மகாகனித் தூள் அலங்காரமாக விழுந்து, அந்த அம்மா முறத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். மன்னிப்பு கேட்டு, ஒரு கிலோ அரிசியும் கொடுத்தேன்.

அடுத்து வீட்டு வேக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு போனேன். துணிப்பை வைத்த பழைய மாடல். முன்பக்கம் உறிஞ்சியது. பின்பக்கம் என்ன நடந்தது என்பதை ஒருநாள் காலை வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன். துணிப்பையின் ஒவ்வொரு இழையிலிருந்தும் ஊதுபத்திப் புகை போல எழுந்துகொண்டிருந்தது. தரையிலிருந்த தூளை அள்ளிச் சலித்து, பருமனானதைப் பையில் வைத்துக்கொண்டு, மிக நைசானதை எனக்கென்று காற்றில் பரிமாறியிருக்கிறது அந்த இயந்திரம்.

இந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெரு அண்ணன் உள்ளே வந்தார். ஒரு நூற்பாலையில் புளோ ரூமில் சேர்ந்து, பிறகு மெயின்டனன்ஸுக்கு மாறி ஓய்வு பெற்றவர். மில்லில் பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் இடம்தான் புளோ ரூம். காற்றும் குழாயும்தான் அவர் ஆயுசு முழுக்கப் பார்த்த வேலை. என் ஷெட்டுக்கு முதலில் வந்தபோது எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தார், சாத்தியிருந்த கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, உள்ள வராத காத்து எப்படிங்க வெளிய போகும்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே தள்ளும் அளவுக்கு எதிர்ப்பக்கம் வழி விட வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். தூசி வீட்டுக்குள் போய்விடக் கூடாதென்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஃபேனைச் சுழலவிட்டிருந்தேன்.

அவர் சொன்னதையெல்லாம் நான் அன்றே நம்பிவிடவில்லை. தரை சுத்தமாக இருக்கிறது, மேஜை சுத்தமாக இருக்கிறது, வேலை முடிந்ததும் பெருக்கித் துடைக்கிறேன், இன்னும் என்ன தூசி என்று வாதாடினேன். ஒரு மழை நாள் சாயங்காலம். ஒரு மணி நேரம் சாண்டர் போட்டு, பெருக்கி, கைகால் கழுவி, டீ குடித்து, மறுபடி ஷெட்டுக்கு வந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கரண்ட் போயிற்று. அவர் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். மில்காரர்களிடம் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும்.

"நான் அக்கட்ட நின்னு வெளிச்சம் அடிக்கறேன். நீங்க எனக்கு எதிர்ல வந்து, கண்ணுல வெளிச்சம் நேரா படாம, ஓரமா நின்னு பாருங்க."

பார்த்தேன். சினிமாக் கொட்டகையில் புரொஜக்டர் ஓட்டையிலிருந்து வருமே, அப்படி ஒரு வெளிச்சத் தூண். அதற்குள் கோடிக்கணக்கான புள்ளிகள். விழவும் இல்லை, ஏறவும் இல்லை, சும்மா மிதந்தன. நான் பேசியபோது என் வாய்க்கு முன்னால் இருந்தவை விலகின. மூச்சை இழுத்தபோது நகர்ந்து என்னிடம் வந்தன. வேலை முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மாஸ்க்கைக் கழற்றி அரை மணி நேரம்.

"இதான் தம்பி தூசி. நீங்க கூட்டி அள்ளுனது மரத்தூளு."

பிரிட்டனில் தொழிற்சாலைகளைச் சோதிப்பவர்களும் இதே வித்தையைத்தான் 'டஸ்ட் லாம்ப்' என்ற பெயரில் செய்கிறார்கள் என்று பிறகு படித்தேன். அண்ணனுக்கு யாரும் பெயர் சொல்லித் தரவில்லை. புளோ ரூம் ராத்திரி ஷிப்டில் தானாகக் கற்றுக்கொண்டது.

அன்றைக்குப் பிறகு கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன், பழைய தொழில் புத்தி. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். கண்ணுக்குத் தெரிகிற ரம்பத்தூள் அதைவிடப் பெரிது, சில நொடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகள், காற்றே அசையாத அறையில் நெஞ்சு உயரத்திலிருந்து தரையைத் தொட ஏழெட்டு நிமிடம். 1 மைக்ரான் துகளுக்குப் பத்து மணி நேரமாவது வேண்டும். பெரிய தூளை மூக்கு மயிரும் சளியும் பிடித்துக் கர்ச்சீப்புக்கு அனுப்பிவிடும். அதுதான் என் மனைவி கண்ட மஞ்சளும் காப்பியும். இந்தச் சின்னது மூக்கைத் தாண்டி நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகும். அதாவது கர்ச்சீப்பில் வந்ததைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்கவே வேண்டியதில்லை. கர்ச்சீப்புக்கு வராததுதான் கணக்கில் விட்டுப்போனது.

"சரிங்ணா, பெரிய மோட்டாரா வாங்கி ஒரு மூலையில வச்சு எல்லாத்தையும் உறிஞ்சிரலாமுங்களா?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய் என் மனைவியிடம் காமாட்சி விளக்கை ஏற்றித் தரச் சொன்னார். கரண்ட்தான் இருக்கிறதே என்று பார்த்தார் அவர். விளக்கை மேஜைமேல் வைத்து, "ஒரு சாண் தள்ளி நின்னு ஊதி அணைங்க," என்றார். அணைத்தேன். விளக்கை ஊதி அணைக்கிறோமே என்று மனைவி முகம் சுளித்ததும் தெரிந்தது. மறுபடி ஏற்றி, "இப்ப அதே எடத்துல நின்னு காத்தை இழுத்து அணைங்க," என்றார். கன்னம் ஒட்ட இழுத்தேன். சுடர் லேசாக என் பக்கம் தலையாட்டியதோடு சரி. அரை சாணுக்கு வந்து இழுத்தேன். மூக்குக்குள் எண்ணெய்ப் புகை ஏறியதுதான் மிச்சம்.

ஊதும் காற்று குழாயின் வாய் அகலத்தைப் போல முப்பது மடங்கு தூரம் போன பிறகும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்திருக்கும். உறிஞ்சும் காற்று ஒரே ஒரு வாய் அகலம் தள்ளிப் போனாலே பத்தில் ஒரு பங்காகிவிடும். 4 அங்குலக் குழாய் என்றால் 4 அங்குலத்துக்கு அப்பால் அது இருந்தும் இல்லாததுதான். ஏனென்றால் ஊதும்போது காற்று ஒரே திசையில் போகிறது, உறிஞ்சும்போது எல்லாத் திசையிலிருந்தும் ஓடிவருகிறது. மில்லில் ஒவ்வொரு மெஷினின் பல்லுக்குப் பக்கத்திலும் குழாயைக் கொண்டுபோய் வைத்திருப்பது அதனால்தான் என்றார். தூள் பிறக்கும் இடத்திலேயே, அது காற்றில் கலக்கும் முன்பே பிடிக்க வேண்டும். கலந்துவிட்டால் அறை முழுக்க இருக்கும் காற்றையும் சலித்தாக வேண்டும்.

பிறக்கும் இடம் எது? சாண்டரை எடுத்துத் திருப்பிக் காட்டச் சொன்னார். என் மரவேலை வாழ்க்கையின் பெரிய அவமானம் அங்கேதான் நிகழ்ந்தது. 5 அங்குல வட்ட அடிப்பகுதியில் எட்டு ஓட்டைகள் இருந்தன. அதன் வழியாகத்தான் உள்ளே இருக்கும் சின்னக் காற்றாடி தூளை இழுத்துப் பின்னால் இருக்கும் குழாய்க்கு அனுப்ப வேண்டும். நான் ஒட்டியிருந்த உப்புத்தாளில் ஓட்டையே இல்லை. ஹார்டுவேர் கடையில் விலை குறைவு என்று ஓட்டையில்லாத வட்டங்களாகப் பார்த்து இரண்டு கட்டு வாங்கி வைத்திருந்தேன். எட்டு வாயையும் அடைத்துவிட்டு, இரண்டு வருடமாக அந்த மெஷின் தூளே உறிஞ்சவில்லை என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அண்ணன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பேரனின் நோட்டு அட்டையில் எட்டு ஓட்டைக்கும் அச்சு எடுத்து, இருந்த தாள்களையெல்லாம் சால்டரிங் குச்சியால் பொசுக்கி ஓட்டை போட்டேன். அன்று சாயங்காலம் ஓட்டையுள்ள தாளோடு, வேக்குவத்தையும் இணைத்து ஒரு பலகையைத் தேய்த்தபோது பலகைமேல் தூளே நிற்கவில்லை. தாளும் அடைக்காமல் மூன்று மடங்கு நேரம் உழைத்தது. தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கால்தான் தாள் அடைக்கிறது என்று அதுவரை நானாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

இதற்குள் ஈரமும் உலர்வும் உறிஞ்சும் ஒரு நல்ல வேக்குவத்தை வாங்கியிருந்தேன், ஹெப்பா ஃபில்டரோடு. ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளையே நூற்றுக்கு 99.97 பிடிக்க வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட வலை மரத்தூளில் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். முதல்முறை அடைத்தபோது கொல்லைப்புறத்தில் வைத்துக் குச்சியால் தட்டினேன், பிடித்து வைத்திருந்த அத்தனையையும் அது என் முகத்துக்கே திருப்பிக் கொடுத்தது. இரண்டாம் முறை தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் காயப்போட்டேன். காகித ஃபில்டர். காய்ந்தபோது அப்பளமாகியிருந்தது. மூவாயிரம் ரூபாய் அப்பளம்.

அதற்குத்தான் சைக்ளோன். இது நமக்குப் புதிதல்ல. எந்த அரிசி ஆலைக்குப் போனாலும் கூரைக்கு மேல் தலைகீழ்க் கூம்பு ஒன்று நிற்கும். தூள் கலந்த காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும்போது கனமானது சுவரோரம் ஒதுங்கிக் கீழே இறங்கிவிடும், காற்று நடுவால் மேலே போய்விடும். பிரிட்டனில் ஜேம்ஸ் டைசன் ஒரு மர அறுவை ஆலையில் இந்தக் கூம்பைப் பார்த்துத்தான் பையில்லாத வேக்குவம் கிளீனரை யோசித்தார். 5,127-ஆவது மாதிரி ஒத்துவந்தது. எனக்கு இரண்டாவதே ஒத்துவந்தது என்றால் கூம்பைக் கடையில் வாங்கிவிட்டேன் என்பதுதான் காரணம். முதல் மாதிரியில் அதைக் காலி பெயின்ட் வாளியின் மூடிமேல் பொருத்தினேன். குழாயில் ஒரு மரச்சில்லு அடைத்த நொடியில் வாளி 'டப்'பென்று உள்பக்கமாக நசுங்கி, யாரோ மிதித்த டால்டா டின் மாதிரி ஆகிவிட்டது. அடுத்ததற்குத் தண்ணீர் பிடிக்கும் கெட்டியான நீல டிரம். அது நசுங்கவில்லை, ஷாக் அடித்தது. பிளாஸ்டிக் குழாயில் காய்ந்த தூள் ஓடினால் நிலைமின்சாரம் சேரும். குழாயோடு ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் கட்டிய பிறகு நின்றது.

சைக்ளோன் நைசுத் தூளைப் பிடிக்காது, அதை நம்பி ஏமாறக் கூடாது. நூற்றில் தொண்ணூற்றுக்கும் மேலாகப் பருமனை டிரம்மில் இறக்கிவிட்டு, ஃபில்டருக்கு அதன் வேலையைப் பார்க்க இடம் கொடுக்கும். என் ஃபில்டரை இப்போது நாலு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

டேபிள் ரம்பம்தான் கடைசி வரை மல்லுக்கட்டியது. கீழே பெட்டி அடித்துக் குழாய் வைத்தாயிற்று. ஆனால் பல் மேலே வந்து திரும்பும்போது தன்னோடு தூளையும் கொண்டுவந்து என் வயிற்றுக்கு நேராக எறிகிறது. மேலே மூடி போட்டு இன்னொரு குழாய் வைத்தேன். ஒரே வேக்குவத்துக்கு இரண்டு குழாய் என்றால் இரண்டும் அரைகுறை. குழாய்க்குள் காற்று நிமிடத்துக்கு 4,000 அடியாவது ஓடினால்தான் மரத்தூள் படியாமல் போகும் என்று அண்ணன் ஒரு பழைய டைரியைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் அதில் பாதிகூட வரவில்லை. இன்றைக்கும் அந்த ரம்பத்தில் முழு வெற்றி இல்லை. அறுக்கும்போது ரப்பர் மாஸ்க் போட்டுக்கொள்கிறேன், இரண்டு பக்கமும் உருண்டை ஃபில்டர் வைத்தது. அதற்காக மீசையைத் தியாகம் செய்தேன். மீசையோ தாடியோ மாஸ்க்கின் ஓரத்துக்கு அடியில் வந்தால் காற்று கசியும், எந்த மாஸ்க்கும் பெயருக்குத்தான். 2020-ல் நாடே என்95 போட்டுக்கொண்டு திரிந்தபோது கண்ணாடி போட்டவர்கள் எல்லாரும் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். கண்ணாடியில் ஆவி படர்ந்தால் மூக்குப் பாலத்தில் கசிகிறது என்று அர்த்தம்.

அதே வருடம் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் என்ற இருவர் நாலு ஃபில்டரைப் பெட்டியாக ஒட்டி மேலே ஒரு சதுர ஃபேனை வைத்து, கிருமிக் காற்றைச் சலிக்க எளிய வழி ஒன்று சொன்னார்கள். அந்தச் சதுர ஃபேன் நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. சும்மா கிடந்த எக்ஸாஸ்ட் ஃபேனுக்குச் சுவரிலிருந்து விடுதலை கொடுத்தேன். ஃபில்டர் செய்து தரும் ஒரு பட்டறையில் அண்ணன் சொல்லி நாலு சட்டம் வந்தது. ஓரங்களை டேப் போட்டு அடைத்து நிறுத்தியதும், என் 1,260 கன அடி அறையின் காற்றை மணிக்குப் பத்து முறையாவது சலிக்கும் என்று கணக்குச் சொல்லியது. அதை நான் நிற்கும் இடத்துக்கு எதிர்க் கோடியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் என் மூக்கைக் கடந்துதான் அதனிடம் போகும். வேலை முடிந்து கதவைச் சாத்திய பிறகும் ஒரு மணி நேரம் ஓடட்டும் என்று விட்டுவிடுவேன்.

பெட்டி செய்ததோடு காற்றில் தூசி அளக்கும் ஒரு சின்ன மீட்டரும் வாங்கினேன். பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட தூசியைக் காட்டும். நம் நாட்டு அளவுப்படி 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை 15 என்று இறக்கிவிட்டது. பழையபடி எதுவும் இணைக்காமல் சாண்டரை மட்டும் போட்டுப் பார்த்தேன். 80, 240, 610, 999. அதோடு நின்றுவிட்டது. தூசி நிற்கவில்லை, மீட்டருக்கு மூன்று இலக்கம்தான். மறுநாள் எல்லாம் இணைத்துப் போட்டேன், 50-க்கும் 70-க்கும் நடுவில் ஊசலாடியது. இந்த மலிவு மீட்டர்கள் புகைக்காகச் செய்தவை, மரத்தூளுக்கு எண் அப்படியே பொருந்தாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கப் போதும்.

அண்ணன் அந்த 999-ஐ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க டிபார்ட்மெண்டுல இதை வச்சிருந்தா என்ன காட்டியிருக்கும்?" என்றார். பிறகுதான் சொன்னார். புளோ ரூமில் வார லீவு முடிந்து போகிற முதல் நாள் நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டின மாதிரி இருக்குமாம். இரண்டாம் நாள் கொஞ்சம் விடும், வார இறுதியில் சரியாகிவிடும். லீவு முடிந்து போனால் மறுபடியும். லீவு எடுத்தால்தான் வியாதி வருகிறது என்று நினைத்து லீவே போடாத ஆட்கள் இருந்தார்கள் என்றார். பிஸினோசிஸ் என்று அதற்குப் பெயர், பஞ்சுத்தூசியால் வருவது. தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே அந்த நோய் இருந்தது. மாடிப்படி ஏறும்போது அவர் நடுவில் நின்று சுவரில் கை வைத்து, ஏதோ வேடிக்கை பார்க்கிற மாதிரி தெருவைப் பார்ப்பார். அது வேடிக்கை இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

போன வருடம் ஆசாரியின் பேரனைச் சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பார்த்தேன். மாடுலர் கிச்சன் வேலை. எம்டிஎஃப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தார், பசையோடு அரைத்த மரமாவை அழுத்திச் செய்த பலகை அது, அறுத்தால் மாவாகவே திரும்பி வரும். சத்தமும் தூசியும் வருகிறதென்று பக்கத்து வீட்டார் புகார் சொன்னதால் ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். புருவமும் இமையும் வெள்ளை. வாயில் கர்ச்சீப். நான் டிரம், சைக்ளோன், எட்டு ஓட்டை எல்லாவற்றையும் உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தானுங்க மாமா இருக்குது. ஸ்கொயர் ஃபீட்டுக்குத்தான் கூலி. டிரம்மை வண்டியில கட்டிட்டு வந்து, மாட்டி, கழட்டி… ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போயிருமுங்களே. அதுக்கு ஆரு குடுப்பாங்க?"

எனக்குப் பதில் இல்லை. அவர் நாளெல்லாம் தின்பதை நான் வாரத்துக்கு ஆறு மணி நேரம் தின்றுவிட்டு மருத்துவர், மீட்டர், ஃபில்டர் என்று இருபதாயிரம் செலவழித்திருக்கிறேன். பத்து என்95 வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது ஒன்று அவர் தாடைக்குக் கீழே தொங்கியது. ஓட்டையுள்ள உப்புத்தாள் மட்டும் வாங்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார், தாள் மிச்சமாகிறதாம்.

ஆத்தா வீட்டு வேங்கையில் மேஜை முடிந்தது. கடைசி இழைப்பைச் சாண்டரில் போடாமல் ஆசாரி வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய பழைய இழைப்புளியில் போட்டேன். இரண்டு நாள் உளியைத் தீட்டியே போயிற்று. முழுச் சுருள் வரவில்லை, கந்தல் கந்தலாகத்தான் வந்தது. மீட்டர் 28-லேயே நின்றது. அதைப் பெருமையாக வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போய்ச் சமையல் மேடையில் வைத்து, "பாத்தியா?" என்றேன்.

மனைவி அப்போது ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கடுகு வெடித்தது, வரமிளகாய் கருகியது. 28, 90, 310. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 480.

"ஏனுங்க," என்றார் இருமிக்கொண்டே, "அந்தப் பொட்டியை இக்கட்ட தூக்கிட்டு வாங்க."

அது இப்போது அடுப்படியில்தான் இருக்கிறது. ஷெட்டுக்கு இன்னொன்று செய்ய ஃபில்டர் சொல்லியிருக்கிறேன்.